சாமிக்கு மட்டும் ஒரு பாட்டில்

வீரபத்திரனைப் போலக் குடிக்கு ஒழுங்காகக் கோடு போட்ட இன்னொருவரைப் பிள்ளையார்பாளையத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது. போட்ட கோட்டை அவர் ஒருநாளும் தாண்டியதில்லை. தாண்ட வேண்டிய நாள் வருகிறது என்று தெரிந்தால் முதல் நாளே கோட்டைத் தூக்கி இரண்டடி தள்ளி வைத்துவிடுவார். அப்புறம் அவர் தாண்டினார் என்று யார் சொல்ல முடியும்?

முதல் கோடு இருபத்திரண்டு வயதில் போட்டது. சாமிக்கு மட்டும். ஆடி மாசம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தாமல் ஏரிக்கரையில் குலசாமி முனீஸ்வரனுக்குப் படையல் போடும்போது, சாமி அவர் மேல் வந்து கேட்டால், அப்போது மட்டும். அது அவர் குடித்ததாகவே ஆகாது, சாமி குடித்தது. கல்யாணத்துக்குப் பிறகு அமாவாசையும் சேர்ந்துகொண்டது. அமாவாசைக்குத் தறி ஓடாது, சாயப்பட்டறையில் அடுப்பும் எரியாது. சும்மா கிடக்கிற நாளில் ஒரு மனிதன் என்னதான் செய்வான்? பிறகு, எந்த நாளானாலும் பொழுது சாய்ந்த பின் மட்டும். பிறகு, வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. பிறகு, கொண்டுவரலாம், ஆனால் பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது. பீர் என்பது குடியில் சேராது என்று ஒரு வருஷம் முழுக்க மனதார நம்பினார். எல்லாம் போய்க் கடைசியில் ஒரே கோடு மிஞ்சியது. என்ன ஆனாலும் சரி, கொப்பரைக்குப் பக்கத்தில் நிற்கும்போது வாயில் ஒரு சொட்டு இருக்கக் கூடாது.

கொப்பரை என்றால் சாயம் கொதிக்கிற பெரிய செம்புப் பாத்திரம். வீரபத்திரன் சாயக்காரர். வெள்ளைப் பட்டு நூல் சிட்டங்களை மூங்கில் கழியில் மாட்டி, கொதிக்கிற சாயத்தில் முக்கி, திருப்பித் திருப்பிப் போட்டு எடுக்கிற வேலை. முப்பது வருஷ அனுபவம். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து என்று எதைக் கேட்டாலும் மாதிரித் துண்டை ஒரு தரம் பார்த்துவிட்டு அதே நிறத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார். ஈரச் சிட்டத்தைக் காட்டி "கலர் சரியா?" என்று யாராவது கேட்டால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். "காயட்டும்பா. ஈரத்துல எல்லா கலரும் அழகாத்தான் இருக்கும்" என்பார். நூலுக்கு இவ்வளவு நிதானம் பார்த்த மனிதர் தனக்கு ஏன் பார்த்துக்கொள்ளவில்லை என்று மனைவி ரேணுகாம்பாள் கேட்காத நாள் கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்தவர்களுடைய போதை எதையும் அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. பட்டறையில் கூட வேலை செய்த அர்ஜுனன் ஒருநாள் பொட்டலத்தைப் பிரித்து, "இது செடிதானேண்ணா, தானா முளைக்குது" என்று நீட்டியபோது, "கஞ்சா அடிக்கிறவன்கூட ஒரே கொப்பரையில நிக்கமாட்டேன், ஆமா!" என்று தெரு கேட்கக் கத்தினார். வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறவர்களைப் பற்றிப் பேப்பரில் வந்தால் நாடே கெட்டுப்போய்விட்டது என்பார். அர்ஜுனனோ, "நான் என்னிக்காவது ரோட்டுல விழுந்து கிடந்திருக்கேனா? குடிகாரன்தான் விழுவான்" என்பான். பங்காளிகளில் மூத்தவரான துரைக்கண்ணு இவர்கள் இரண்டு பேரையும் திட்டுவார், கடைவாயில் புகையிலையை அதக்கிக்கொண்டே. ரேணுகாம்பாள் ஒருத்திதான், காலையில் இரண்டு டம்ளர் காபி இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்பதை ஒப்புக்கொண்டு, "நானும் ஒரு போதைக்காரிதான், போங்கய்யா" என்று சிரிப்பாள்.

போன வருஷம் வைகாசியில் அந்தக் கடைசிக் கோடும் போனது. காலை பத்து மணி. முந்தின நாள் குடித்தது இறங்க இறங்கக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நடுக்கம் நிற்க ஒரே ஒரு மடக்கு, மருந்து மாதிரி, என்று டீக்கடைக்குப் பின்னால் போய்விட்டு வந்து கழியைப் பிடித்தார். பிடி வழுக்கியது. நனைந்த சிட்டத்தின் கனத்தோடு கழி கொப்பரைக்குள் விழுந்து, கொதிக்கிற அரக்குச் சாயம் எதிரில் நின்ற அர்ஜுனனின் இரண்டு கால்களிலும் முழங்கால் வரை கொட்டியது. ஐயோ, அந்த அலறலை இன்றைக்கும் அந்தத் தெருவில் சொல்வார்கள். அர்ஜுனன் இருபத்தொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். எது புண், எது சாயம் என்று டாக்டருக்கே முதலில் புரியவில்லை.

மறுநாள் வீரபத்திரன் பார்க்கப் போனார். அர்ஜுனன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, திட்டவும் இல்லை.

"நான் நேத்து டீதான் குடிச்சிருந்தேண்ணா" என்றான். அவ்வளவுதான்.

அதே ஆஸ்பத்திரியில் குடியை நிறுத்துகிற வார்டில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் தம்பி ராமராஜன். ராமராஜன் தறி நெய்கிறவர், காபிகூடத் தொடாத ஆள். அண்ணன் முன்கட்டிலும் தம்பி பின்கட்டிலுமாக ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். வார்டில் கிரேஸ் என்று ஒரு நர்ஸ், வாலாஜாபாத்துக்காரி. ஒரு நோட்டைக் கொடுத்து, எப்போதெல்லாம் குடித்தீர்கள், எதற்காகக் குடித்தீர்கள் என்று எழுதச் சொன்னாள். வீரபத்திரன் முதல் வரியில் 'சாமிக்காக' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"சாமி எத்தினி நாளைக்கு ஒருவாட்டி வருதுண்ணா?" என்று கேட்டாள் கிரேஸ்.

"வருசத்துக்கு ஒருவாட்டிம்மா."

"மீதி முந்நூத்தி அறுபத்திநாலு நாளு யாரு வந்தாங்க?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்து போய்விட்டார். வராந்தாவில் நின்று யோசித்தபோது சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவருக்கு எந்த இடத்தில் அழுகை ஆரம்பித்தது என்று தெரியவில்லை. நாற்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து கோடு எதுவும் போடவில்லை. போட்டால் நகர்த்திவிடுவோம் என்று தன்னைப் பற்றி அவருக்கே தெரிந்துவிட்டது. ஒரு சொட்டும் கிடையாது, எதற்கும் கிடையாது, யாருக்காகவும் கிடையாது.

குடியை விட்டால் தூக்கம் வரும், பசி வரும் என்று கிரேஸ் சொல்லியிருந்தாள். நினைவு வரும் என்று சொல்லவில்லை. அதுதான் முதலில் வந்தது.

சாமி முதன்முதலாக வந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை சாமியாடிக்கொண்டிருந்த பெரியப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. யார் மேலும் சாமி வரவில்லை, பங்காளிகள் எல்லாம் கலங்கிப்போயிருந்தார்கள். இருபத்திரண்டு வயது வீரபத்திரன் பொங்கல் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். பம்பை அடித்தது. முதுகில் யாரோ பச்சைத் தண்ணீரை ஊற்றியது போல் இருந்தது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மற்றதெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டது. பெற்ற தாயையே பார்த்து "மகளே, அழாதே" என்றாராம். அம்மா மகனின் காலில் விழுந்து அழுதாளாம். முனீஸ்வரன் அப்படித்தான், வந்து நின்றால் ஆண் எல்லாம் மகன், பெண் எல்லாம் மகள். அன்றைக்கு வீரபத்திரன் வாயில் ஒரு சொட்டு இல்லை. சாமி வந்து கேட்ட பிறகுதான் பாட்டிலை வாயில் வைத்தார்கள்.

அடுத்த வருஷம் சாமி வரக் கொஞ்சம் தாமதமானது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, குழந்தைகள் பசியில் அழுதன. சரி, முதலில் கொடுத்துப் பார்க்கலாம் என்று பாட்டிலைக் கொடுத்தார்கள். உடனே வந்துவிட்டது. அதிலிருந்து வருஷா வருஷம் பாட்டில் முன்னால், சாமி பின்னால். அந்த மாற்றத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. வீரபத்திரனும் நினைக்கவில்லை, முப்பது வருஷம் கழித்துக் குடியை விட்டு உட்காருகிற வரைக்கும்.

இப்போது நினைத்தார். நினைக்க நினைக்க ஒரே ஒரு வருஷத்தில் போய்த்தான் முட்டிக்கொண்டார். அது ஒன்பது வருஷத்துக்கு முந்தின படையல்.

முனீஸ்வரனுக்கு வெள்ளியில் இரண்டு கண்மலர் உண்டு. படையல் அன்றைக்கு மட்டும் சிலையின் கண்ணில் பதிப்பார்கள். மற்ற நாளெல்லாம் அது ஒரு தகரப் பெட்டியில், முறை வைத்து ஒவ்வொரு பங்காளி வீட்டிலும் ஒரு வருஷம் இருக்கும். அந்த வருஷம் ராமராஜன் வீட்டு முறை. பெட்டியை மஞ்சள் துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்தவள் ராமராஜனின் மனைவி கிருஷ்ணவேணி. ஊருக்கெல்லாம் அவள் கிருஷ்ணா. வீரபத்திரன் ஒருவருக்குத்தான், கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே, வேணி. ஏரிக்கரையில் எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்தால் கண்மலர் இல்லை. துடைத்து வைத்தேன், நேற்று ராத்திரிகூட இருந்தது என்று அவள் அழுதாள். சரி, சாமியையே கேட்டுவிடலாம் என்றார்கள். பாட்டில் கொடுத்தார்கள், சாமி வந்தது. துரைக்கண்ணு கையைக் கட்டிக்கொண்டு, "யாரு எடுத்ததுன்னு சொல்லுய்யா" என்று கேட்டார்.

"வேணியைக் கேளு. வேணிக்குத் தெரியும்" என்றது சாமி.

போலீஸ், பஞ்சாயத்து எதுவும் இல்லை. சொந்தத்துக்குள் என்ன போலீஸ்! சாமி சாமான் எதையும் அதற்குப் பிறகு ராமராஜன் வீட்டில் யாரும் கொடுத்து வைக்கவில்லை. கல்யாண வீடுகளில் கிருஷ்ணவேணி போய் உட்கார்ந்தால் பக்கத்துப் பெண் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். படையல் முடிந்து பொங்கல் கொடுக்கும்போது அவள் வரிசையின் கடைசியில் நின்றாள், யாரும் நிற்கச் சொல்லாமலே. ராமராஜன் பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த பீரோ சாவி மட்டும் ஒருநாள் காணாமல் போய் அவர் இடுப்பு அரைஞாண் கயிற்றில் ஏறிக்கொண்டது. தறியில் உட்கார்ந்து அவர் மிதிக்கும்போது அந்தச் சாவி பலகையில் இடித்து டிக், டிக் என்று சத்தம் போடும். முன்கட்டில் படுத்திருந்தால் கேட்கும். குடித்திருந்த நாட்களில் வீரபத்திரனுக்கு அது கேட்டதில்லை. இப்போது கேட்டது.

கேட்கக் கேட்க அந்த நாள் காலை நினைவுக்கு வந்தது. சாமிக்கு என்று வைத்திருந்த பாட்டில் போதாது, அதற்கு முன்னால் தனக்கு ஒன்று என்று அவர் ஏரிக்கரைக்கு எல்லோரும் வந்த டெம்போவுக்குப் பின்னால் போய்த் திறந்ததும், பெட்டியோடு அந்தப் பக்கம் வந்த வேணி பார்த்துவிட்டதும். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி மண்ணில் கவிழ்த்து, "சாமிக்கு முன்னாடி உங்களுக்கா மாமா? நல்லா இருக்குது கதை" என்று அவள் சிரித்ததும், பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் சேர்ந்து சிரித்ததும். காது வரைக்கும் எரிந்தது அவருக்கு. அது நடந்து ஒரு மணி நேரத்தில்தான் சாமி வாய் திறந்தது.

சொன்னது சாமியா, அந்தக் கோபமா? வீரபத்திரனுக்கு வேறு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. இது ஒன்று தெரிந்தால் போதும்.

ஆனி மாசக் கடைசியில் துரைக்கண்ணு வீட்டுக்கு வந்தார். போன வருஷம் வீரபத்திரன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் படையலுக்குப் போகாததால் சாமி வரவில்லை, படையல் சப்பென்று முடிந்துபோனது. இந்த வருஷமும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று அவருக்குக் கவலை.

"ஒரு மூடி போதும்பா. அதுவும் நீயா குடிக்கிற? சாமி குடிக்குது."

"நானும் முப்பது வருசம் அப்படித்தாண்ணா சொல்லிக்கினு இருந்தேன்."

"குலசாமிகிட்ட போயி டாக்டர் சீட்டைக் காட்டுவியா?"

அடுக்களையிலிருந்து ரேணுகாம்பாள் குரல் வந்தது. "ஒரு சொட்டு பட்டுச்சுன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போவமாட்டேன் மாமா. இவரைத்தான் அனுப்புவேன். உங்க வூட்டுக்கு."

துரைக்கண்ணு புகையிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். வீரபத்திரன் யோசித்துவிட்டு, "நான் வரேன். காப்பு கட்டிக்கிறேன், மஞ்சத் துணி கட்டிக்கிறேன். பாட்டில் இல்லாம நிக்கிறேன். மொதல் வருசம் அப்படித்தானே வந்துச்சு? வர்ற சாமி வரட்டும்" என்றார்.

பதினைந்து நாள் விரதம் இருந்தார். ஒவ்வொரு நாளும் குளித்துவிட்டு மனசுக்குள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: வந்துடுய்யா. பாட்டில் இல்லாமல் வந்தால், இத்தனை வருஷமும் வந்தது நீதான் என்று ஆகிவிடும். வேணி பெயரைச் சொன்னதும் நீதான் என்று ஆகிவிடும். நான் தப்பித்துக்கொள்வேன். அந்த வேண்டுதல் பலித்தால் வேணி காலத்துக்கும் திருடிதான் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். தெரிந்தேதான் வேண்டிக்கொண்டார். அதைவிடக் கேவலமாக அவர் குடித்த நாட்களில்கூட எதையும் கேட்டதில்லை.

ஆடி மூன்றாவது ஞாயிறு, பகல் பதினோரு மணி. ஏரியில் தண்ணீர் பாதிக்குத்தான் கிடந்தது. பனை மரத்தடியில் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த முனீஸ்வரனுக்குப் புது வேட்டி, எலுமிச்சை மாலை, முன்னால் இலையில் கறிச்சோறு, சுருட்டு, நடுவில் பாட்டில். வெள்ளிக் கண்மலர் போனதிலிருந்து சந்தனத்தில்தான் கண் வைக்கிறார்கள். நாற்பது வீட்டுப் பங்காளிகளும் வட்டமாக நின்றார்கள். வீரபத்திரன் மஞ்சள் துணியும் காலில் சலங்கையுமாக நடுவில் நின்றார். பம்பைக்காரர் அடிக்க ஆரம்பித்தார்.

வீரபத்திரன் கண்ணை மூடிக்கொண்டார். பம்பைச் சத்தம் நெஞ்சில் இடித்தது. முதுகில் அந்தப் பச்சைத் தண்ணீர் விழட்டும் என்று காத்திருந்தார். காலில் மண் சுட்டது. எறும்பு ஒன்று கணுக்காலில் ஏறுவது தெரிந்தது. யாரோ ஒரு குழந்தை மூத்திரம் வருகிறது என்று சொன்னது காதில் விழுந்தது. இவ்வளவு தெளிவாக அவர் ஒருநாளும் அந்த இடத்தில் நின்றதில்லை. அரை மணி நேரம் ஆனது. பம்பைக்காரருக்கு வேர்த்து ஊற்றியது. பெண்கள் குலவையிட்டு ஓய்ந்தார்கள்.

ஆடிவிடலாம். அதுவும் தோன்றாமல் இல்லை. முப்பது வருஷம் ஆடிய கால், சும்மா தூக்கிப் போட்டாலே சலங்கை சத்தம் போடும். 'நல்லா இருப்பீங்க' என்று நாலு பேருக்கு விபூதி பூசினால் எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படிச் செய்தால் தனக்கும் இனி எந்தக் காலத்திலும் தெரியாது.

துரைக்கண்ணு பாட்டிலைத் திறந்து அவர் கையில் திணித்தார். "பிடிவாதம் வேணாம்பா. கொழந்தைங்க பசியில நிக்குது. சாமி கேக்குது, ஊத்து." வாசனை மூக்கில் ஏறியது. வாயெல்லாம் எச்சில் ஊறியது. தொண்டை தானாக ஒரு தரம் விழுங்கியது. அந்த ஒரு நிமிஷத்துக்கு, இது சாமிக்குத்தானே என்கிற பழைய குரல் அவருக்குள் அவ்வளவு நியாயமாகப் பேசியது.

வீரபத்திரன் பாட்டிலைக் கவிழ்த்தார். மண் அதைக் குடித்தது. கவிழ்த்த பிறகுதான், இதே மண்ணில் இதே மாதிரி இன்னொரு கை கவிழ்த்தது அவருக்கு நினைவு வந்தது.

"சாமி வரலை" என்றார். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "மொதல் வருசம் வந்துச்சு, அது சத்தியம். அப்புறம் எந்த வருசம் வுட்டுட்டுப் போச்சுன்னு எனக்குத் தெரியல. ஆனா ஒம்போது வருசத்துக்கு முன்னாடி வேணி பேரைச் சொன்னது சாமி இல்ல. நான்தான். காலையில பாட்டிலைப் புடுங்கிக் கொட்டிட்டா, சிரிச்சிட்டா, அந்தக் கோவம். கண்மலர் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. அவ எடுத்தான்னும் எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் சொன்னேன்."

இதைக் கேட்டு அந்த இடமே உறைந்து நின்றது என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. "சாமி குத்தம்டா இது! சாமி குத்தம்!" என்று துரைக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார். யாரோ, "வெயில்ல நிக்க வச்சா மனுசன் என்னத்தைத்தான் பேசமாட்டான்" என்றார். அதற்குள் கூட்டத்தின் அந்தப் பக்கத்தில் பங்காளி மாணிக்கவேல் உடம்பை உதறிக்கொண்டு 'ஹா' என்று ஒரு சத்தம் போட்டான். அப்பாடா! மொத்தக் கூட்டமும் அவனிடம் ஓடியது. பம்பை பிய்த்துக்கொண்டு அடித்தது. சாமி பாட்டில் கேட்டது. பாட்டில்தான் மண்ணில் போய்விட்டதே, இன்னொன்று வாங்கிவர ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார்.

பனை மரத்தடியில் மூன்று பேர் மிச்சம். வீரபத்திரன், ராமராஜன், கொஞ்சம் தள்ளிக் கிருஷ்ணவேணி. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"மன்னிச்சுடும்மா" என்றார் வீரபத்திரன். கும்பிடத் தூக்கிய கை பாதியில் நின்றது.

"எனக்குத் தெரியும் மாமா."

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். முனீஸ்வரன் யாரையாவது பேர் சொல்லிக் கூப்ட்டு பாத்திருக்கீங்களா? உங்கம்மாவையே மகளேன்னுதான் கூப்ட்டுச்சு. என்னை மட்டும் வேணின்னு கூப்ட்டுச்சு. வேணின்னு என்னைக் கூப்புட்றது நீங்க ஒருத்தருதான்."

முப்பது வருஷம் சாமியாடியவருக்கு இது தோன்றவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"யாருகிட்ட? நீங்க குடிச்சிருந்தீங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அத்த வுடுங்க." அவள் இப்போது அவரைப் பார்த்துப் பேசவில்லை. "அன்னிக்கு இங்க நாப்பது வூட்டு ஜனம் நின்னுச்சு. பொம்பளைங்க எல்லாம் குடிச்சுட்டா நின்னாங்க? சாமி எப்படிக் கூப்புடும்னு அவங்களுக்கெல்லாம் தெரியாதா? காபிகூட குடிக்காதவங்க நின்னாங்க மாமா. ஒருத்தரு, இது சாமி பேசுற பேச்சு மாதிரி இல்லியேன்னு கேட்டாங்களா?"

டிக் என்று ஒரு சத்தம். ராமராஜன் வேட்டியை விலக்கி அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடிக்க எட்டாத இடம், விரல் நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தார். அவிழ்த்துக் கையில் வைத்து நீட்டினார்.

கிருஷ்ணவேணி சாவியைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"வச்சுக்கோங்க" என்றாள். "ஒம்போது வருசம் ஆச்சு. உள்ள இன்னா இருக்குதுன்னே எனக்கு மறந்துபோச்சு."

பொங்கல் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் போய் வழக்கம் போல் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள்.

பதினாலு மாசத்தில் அன்றைக்குத்தான் வீரபத்திரனுக்கு உண்மையாகவே குடிக்க வேண்டும் போலிருந்தது. நாக்குக்கு இல்லை, கைநடுக்கத்துக்கு இல்லை. இப்போது கேட்டதைக் கேட்காமல் ஆக்கிக்கொள்ள உலகத்தில் அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வழி. பக்கத்தில் தம்பி உள்ளங்கையில் சாவியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் வீரபத்திரனுக்குத் தன் துக்கம் பின்னால் போனது. தான் சொன்னதற்குக் குடி இருந்தது, கோபம் இருந்தது, மறதி இருந்தது. குடிக்காத மனிதன், நல்ல நினைவோடு, ஒன்பது வருஷம் தினமும் காலையில் எழுந்து அந்தச் சாவியை இடுப்பில் சரிபார்த்துக்கொண்டதற்கு எதைச் சொல்வது?

"வாப்பா" என்றார் வீரபத்திரன்.

காலில் சலங்கையைக்கூட அவிழ்க்கவில்லை. அண்ணனும் தம்பியும் போய்க் கிருஷ்ணவேணிக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.